சிறுவர் சித்திரத் தொடரும் ஓர் இசைத்தட்டும்

சிறுவர்களுக்கென ஆக்கப்படும் கதைகள் சிறுவர்களோடு முடிந்துவிடுவதில்லை. பாட்டி சொன்ன கதையிலே வந்த அரக்கன், அக்கதையைக் கேட்ட பிள்ளை வளர்ந்து பெரியவனான பின்னரும் அவன் மனத்தின் ஒரு மூலையிலே குடியிருக்கின்றான். பாட்டியின் இடத்தைத் தொலைக்காட்சி பிடித்துக்கொண்ட நாடுகளிலும் நிலைமை இதுவேதான். அமெரிக்காவிலே பல்லாண்டு காலம் சனிக்கிழமைக் காலைப் பொழுது சிறுவர்களுக்குரிய சித்திரப் படங்களின் பொழுதாக இருந்தது. அங்கே வளர்ந்த ஒரு தலைமுறையினரின் கற்பனையிலே அச்சித்திரங்களின் வீரர்களும் கொடியோரும் அழியாத இடம் பெற்றுவிட்டனர்.

அத்தகைய தொடர் ஒன்றிலே வந்த கொடியவனின் கதையை எடுத்து, அதனைத் தம் சொந்தத் துயரைச் சொல்லும் கருவியாக ஆக்கிக்கொண்டார் நியூ யோர்க் நகரத்துக் கலைஞர் ஒருவர். அவர் 1999 ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஒப்பரேஷன் டூம்ஸ்டே' என்னும் ஹிப் ஹொப் இசைத்தட்டு, இன்று அவ்விசையின் வரலாற்றிலே தவிர்க்க முடியாத ஒன்றாகக் கருதப்படுகின்றது. விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும் ஒரு சித்திரத் தொடர், வளர்ந்த மனிதன் ஒருவனின் துயரத்தைத் தாங்கக்கூடிய பாத்திரமாக மாறியது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு முதலில் ஹிப் ஹொப் இசை எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். 1973 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆம் திகதி, நியூ யோர்க்கின் புறொங்ஸ் பகுதியிலே, செட்விக் அவெனியூ 1520 ஆம் இலக்கக் கட்டடத்தில் நடந்த ஒரு விருந்தினை இவ்விசையின் பிறந்தநாளாகக் கொள்வது மரபு. ஜமேய்க்காவிலே பிறந்து அங்கு குடியேறிய 'கூல் ஹேர்க்' என்னும் இளைஞர் அன்று இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து, முரசும் தாளமும் மட்டும் ஒலிக்கும் சில கணங்கள் வருவதுண்டு. ஆடுவோர் மிகுந்த உற்சாகம் கொள்வது அக்கணங்களிலேதான் என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, அந்தத் தாளப் பகுதியையே மாறி மாறி ஒலிக்கச் செய்தார். அத்தாளத்தின் மீது ஒருவர் எதுகையும் மோனையும் பொருந்த விரைந்து பேசுவது பின்னர் வளர்ந்தது. அதுவே ராப் எனப்படுவது.

ஆண்டுகள் செல்லச் செல்ல, இசைத்தட்டின் துண்டுகளைக் கையால் மீட்டும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. எந்த ஒலியையும் எண்களாக மாற்றிச் சேமித்து, விரும்பிய இடத்தில் விரும்பிய வேகத்தில் திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவிகள் வந்தன. 1987 ஆம் ஆண்டு வெளிவந்து பெரும் புகழ்பெற்ற கருவி ஒன்று, மொத்தம் 10 செக்கன் அளவு ஒலியையே தன்னுள் வைத்திருக்க வல்லதாக இருந்தது. அந்தப் பத்துச் செக்கன்களைத் துண்டு துண்டாக்கி முழுப் பாட்டுகளைக் கட்டியெழுப்பினர் அக்காலத்து இளைஞர்கள். இவ்வாறு எடுத்தாளப்படும் ஒலித்துண்டு பாட்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. திரைப்பட வசனமாகவோ, மொழி கற்பிக்கும் இசைத்தட்டின் குரலாகவோ, சிறுவர் சித்திரத்தின் பின்னணி இசையாகவோ இருக்கலாம். 1989 ஆம் ஆண்டு 'டி லா சோல்' என்னும் குழுவினர், பாட்டுகளுக்கிடையே சிறு நாடகக் காட்சிகளைப் புகுத்தி ஓர் இசைத்தட்டை வெளியிட்டனர். அதன் பின்னர், இடைக்காட்சிகளைக் கொண்டு இசைத்தட்டு முழுவதையும் ஒரு கதையாகக் கோக்கும் வழக்கம் பரவியது.

இனி, சித்திரத் தொடரின் பக்கம் திரும்புவோம். 'டொம் அன்ட் ஜெரி' என்னும் பூனை எலிப் படங்களை அறியாதார் மிகச் சிலரே. அவற்றைப் படைத்த வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவரும் 1937 ஆம் ஆண்டு முதல் எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்திலே பணியாற்றினர். அந்தப் படங்களிலே பேச்சு மிகக் குறைவு. அசைவே கதை. ஒரு செக்கன் படத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு ஓவியங்கள் வரை வரைந்து, பூனையின் மீசைத் துடிப்பைக்கூட அவர்கள் காட்டினார்கள். அது பெருஞ் செலவு பிடிக்கும் வேலை. 1957 ஆம் ஆண்டு அந்நிறுவனம் தன் சித்திரப் பிரிவை மூடிவிட, இருவரும் தொலைக்காட்சியை நாடித் தமக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர்.

தொலைக்காட்சியோ குறைந்த பணத்தில் நிறைந்த படங்களைக் கேட்டது. எனவே அவர்கள் புதியதொரு சிக்கன முறையைக் கைக்கொண்டனர். பாத்திரத்தின் உடல் அசையாது நிற்க, வாய் மட்டும் அசையும். ஒரே மலையும் ஒரே மரமும் ஓடுகின்றவனின் பின்னால் திரும்பத் திரும்ப வரும். ஒரே பின்னணி இசை பல அத்தியாயங்களில் ஒலிக்கும். கண் காட்ட முடியாததைக் காது ஈடுசெய்ய வேண்டியிருந்தது. ஆதலால், பாத்திரங்கள் தாம் செய்வதைத் தாமே வாய்விட்டுச் சொல்லின. கதை சொல்லியின் குரல் நிகழ்ச்சிகளை இணைத்தது. இப்படங்களைப் பார்த்த சித்திரப்பட மேதை சக் ஜோன்ஸ், இவை படம் போட்ட வானொலியே அன்றி வேறல்ல என்ற கருத்துப்பட இகழ்ந்துரைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கதை விளங்கும் என்பதே அவர் கண்ட குறை.

வானொலி நேயர்களாகிய நமக்கு அது குறையாகத் தோன்றாதிருக்கலாம். எவ்வாறாயினும், அவர் இகழ்ந்த அந்தத் தன்மையே பின்னர் ஹிப் ஹொப் கலைஞர்களுக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்தது. அசைவையே நம்பிய படத்திலிருந்து ஒலியைப் பிரித்தெடுத்தால் எஞ்சுவது வெறும் சத்தம். குரலையும் இசையையும் நம்பிய படத்திலிருந்து பிரித்தெடுத்தாலோ, கையில் கிடைப்பது ஆயத்தமான ஒரு வானொலி நாடகம்.

ஹன்னாவும் பார்பெராவும் 1967 ஆம் ஆண்டு ஏ.பி.சி. தொலைக்காட்சிக்கு ஆக்கிக் கொடுத்த தொடர் 'ஃபன்டாஸ்டிக் ஃபோர்', அதாவது அற்புத நால்வர். ஸ்டான் லீயும் ஜக் கேர்பியும் 1961 ஆம் ஆண்டு தொடங்கிய சித்திரக்கதை இதழிலிருந்து எடுக்கப்பட்ட கதை இது. அந்த நால்வருக்கும் பெரும் பகைவனாக 1962 ஆம் ஆண்டு சித்திரக்கதையிலே தோன்றியவன் டொக்டர் டூம். அவனுடைய வரலாறு பின்வருமாறு அமைந்துள்ளது. விக்டர் வொன் டூம் பேரறிவு படைத்த மாணவன். பல்கலைக்கழகத்திலே தடைசெய்யப்பட்ட ஆராய்ச்சி ஒன்றில் இரகசியமாக ஈடுபடுகின்றான். உன் கணக்கிலே பிழை உண்டு என்று உடன் பயிலும் ரீட் ரிச்சர்ட்ஸ் எச்சரிக்கின்றான். இறுமாப்பு மிகுந்த டூம் அதனைச் செவிமடுக்கவில்லை. இயந்திரம் வெடிக்கின்றது. அவன் முகம் சிதைகின்றது. பல்கலைக்கழகம் அவனை வெளியேற்றுகின்றது. ஊர் ஊராய் அலைந்து, தொலைதூர மலைநாட்டுத் துறவிகளிடம் சேர்ந்து, இரும்புக் கவசமும் இரும்பு முகமூடியும் செய்வித்து அணிந்துகொண்டு, உலகத்தைப் பழிவாங்கத் திரும்பி வருகின்றான்.

கொடியவனுக்கும் ஒரு காரணம் உண்டு என்பதை இக்கதை சிறுவர்களுக்குச் சொன்னது. முகமூடி கொடுமையின் சின்னம் மட்டுமன்று, காயத்தின் மறைப்பும் ஆகும் என்பதும் அதன் உட்பொருள். இக்கதையைத் தன் வாழ்வின் கதையாகக் கண்டவர் யார் என்பதை இனி நோக்குவோம்.

அவர் பெயர் டானியல் டுமிலே. 1971 ஆம் ஆண்டு லண்டன் மாநகரிலே பிறந்தவர். தாயார் திரினிடாட் தீவைச் சேர்ந்தவர். தந்தையார் சிம்பாப்வே நாட்டவர். சிறு வயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குச் சென்று, நியூ யோர்க்கை அடுத்த லோங் ஐலண்டிலே குடியேறியது. 'அற்புத நால்வர்' தொடர் முதன்முதலாக ஒளிபரப்பானபோது இவர் பிறந்திருக்கவேயில்லை. எனினும் அக்கதைகள் அமெரிக்கச் சிறுவர் உலகிலே நிலைத்துவிட்டன. டுமிலே என்னும் குடும்பப் பெயரைச் சுருக்கி இவரை டூம் என்று அழைத்தனர். சித்திரக்கதைக் கொடியவனின் பெயரும் இவர் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. அந்தத் தற்செயல் பிற்காலத்திலே பெரிதும் பயன்பட்டது.

டானியலுக்கு ஒரு தம்பி இருந்தார். இசையுலகில் அவர் பெயர் சப்ரொக். அண்ணன் 'ஸெவ் லவ் எக்ஸ்' என்ற பெயர் சூடிக்கொண்டார். சகோதரர் இருவரும் நண்பர்களுடன் சேர்ந்து கே.எம்.டி. என்னும் குழுவை அமைத்தனர். 1991 ஆம் ஆண்டு, எலெக்ட்ரா என்னும் பெரிய இசைத்தட்டுக் கம்பனி அவர்களுடைய முதலாவது இசைத்தட்டாகிய 'மிஸ்டர் ஹூட்' என்பதை வெளியிட்டது. அதிலேயே பின்னர் நிகழப்போவதற்கான அறிகுறிகள் தென்படுகின்றன. மொழி கற்பிக்கும் இசைத்தட்டு ஒன்றிலிருந்து எடுத்த குரலை வெட்டி ஒட்டி, மிஸ்டர் ஹூட் என்னும் பாத்திரத்தையே உண்டாக்கியிருந்தார்கள். 'செசமி ஸ்ட்றீட்' என்னும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பொம்மைப் பாத்திரமாகிய பேர்ட்டின் குரலும் அங்கே வருகின்றது. நிறவெறியைப் பற்றிய கசப்பான உண்மைகளை, சிறுவர் நிகழ்ச்சிக்குரிய சிரிப்புடன் சொன்ன இசைத்தட்டு அது.

இரண்டாவது இசைத்தட்டு முடிவடையும் தறுவாயில், 1993 ஆம் ஆண்டு, சப்ரொக் நெடுஞ்சாலை ஒன்றைக் கடக்கும்போது வாகனம் மோதி உயிரிழந்தார். இருபது வயதுகூட நிறையாத இளைஞர். தம்பியை இழந்த அண்ணன் எஞ்சிய வேலையைத் தனியாக முடித்துக் கொடுத்தார். அவ்விசைத்தட்டின் உறைக்கு அவரே படம் வரைந்திருந்தார். கறுப்பு மக்களை இழிவுபடுத்தும் பழைய கேலிச்சித்திர உருவம் ஒன்றைத் தூக்கிலே தொங்கவிடும் படம் அது. அந்த இழிவைத் தூக்கிலிட வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆனால் படத்தை மேலோட்டமாக நோக்கியவர்களிடமிருந்து கண்டனம் எழுந்தது. கம்பனி அஞ்சியது. 1994 ஆம் ஆண்டு இசைத்தட்டை வெளியிடாமல் நிறுத்தி, ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது. பல ஆண்டுகளின் பின்னரே அந்த இசைத்தட்டு முறைப்படி மக்கள் கைக்கு எட்டியது.

தம்பியையும் தொழிலையும் ஏறக்குறைய ஓராண்டு காலத்துள் இழந்த அவர் இசையுலகை விட்டு மறைந்தார். உறையுளும் நிச்சயமற்ற வறுமை நாட்கள் அவை என்பதைப் பின்னாளிலே அவரே கூறியிருக்கின்றார். 1990 களின் பிற்பகுதியில், நியூ யோர்க்கிலே கவிஞர்கள் கூடும் 'நுயோரிக்கன் பொயட்ஸ் கஃபே' என்னும் அரங்கில், பெண்கள் அணியும் மெல்லிய காலுறையை முகத்தின் மேல் இழுத்து மூடிக்கொண்டு ஒருவர் ராப் பாடத் தொடங்கினார். அவரே டுமிலே. காலுறையின் இடத்தைப் பின்னர் உலோக முகமூடி பிடித்துக்கொண்டது. ஸெவ் லவ் எக்ஸ் என்ற பெயரும் மறைந்தது. எம்.எஃப். டூம் பிறந்தார். பாடும்போது எம்.எஃப். என்பது உலோக முகம். இசை அமைக்கும்போது உலோக விரல்கள்.

'ஒப்பரேஷன் டூம்ஸ்டே' என்ற இசைத்தட்டை 1999 ஆம் ஆண்டு வெளியிட்டது பெரிய கம்பனி அன்று. 'ஃபொண்டில் எம்' என்ற மிகச் சிறிய வெளியீட்டகம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும் அந்த இசைத்தட்டு பாட்டுடன் தொடங்குவதில்லை. 'நாம் டூமை எதிர்கொண்ட வேளை' என்று பொருள்படும் இடைக்காட்சி ஒன்றுடன் தொடங்குகின்றது. அதிலே ஒலிப்பவை 'அற்புத நால்வர்' சித்திரத் தொடரின் குரல்களே. பல்கலைக்கழகமும், ஆராய்ச்சியும், வெடிப்பும், முகமூடியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன. அவற்றுடன் பின்னிப் பிணைந்து, 'வைல்ட் ஸ்டைல்' என்னும் திரைப்படத்தின் வசனங்களும் கேட்கின்றன. 1983 ஆம் ஆண்டு வெளிவந்த அப்படம் ஹிப் ஹொப் கலையின் தொடக்க நாட்களைக் காட்டுவது. இவ்வாறு, கொடியவனின் பிறப்புக் கதையும் ஹிப் ஹொப்பின் இளமைக் கதையும் ஒரே கதையாகக் கலக்கின்றன. டூம் எங்கிருந்து வந்தான் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன.

இசைத்தட்டு முழுவதும் இந்த நாடகம் இடையிடையே தொடர்கின்றது. டூமின் கைகள், டூமின் மர்மம் என்றெல்லாம் அதன் காட்சிகளுக்குப் பெயர்கள் உண்டு. வேறு சித்திரத் தொடர்களும் உதவிக்கு வருகின்றன. 'ஹே' என்னும் பாட்டின் அடித்தளமாக அமைந்திருப்பது, 'ஸ்கூபி டூ' என்ற நாயின் துப்பறியும் தொடரிலே திகில் ஊட்டுவதற்காக ஒலித்த பின்னணி இசை. அதுவும் ஹன்னா பார்பெரா நிறுவனத்தின் ஆக்கமே. சிறுவனாக அதைக் கேட்டவனுக்குத் திகிலும் சிரிப்பும் ஒருசேர நினைவுக்கு வரும். பாட்டும் அவ்வாறே இரண்டுக்கும் நடுவே நடக்கின்றது.

ஆனால் இவ்விசைத்தட்டின் உயிர் வேறிடத்தில் உள்ளது. 'டூம்ஸ்டே' என்னும் பாட்டு, ஷாடே என்ற பாடகியின் 1992 ஆம் ஆண்டுக் காதற் பாட்டின் மென்மையான இசையின் மேல் அமைந்தது. அதன் பல்லவியிலேயே, தம்பி சென்ற இடத்துக்குத் தானும் ஒருநாள் திரும்பிச் செல்வதைப் பற்றிய குறிப்பு வருகின்றது. கேட்போர் தலையசைத்துத் தாளம் போடும் பாட்டின் நடுவே, அழுத்தம் ஏதுமின்றி அவ்வரி கடந்து செல்கின்றது. இசைத்தட்டின் இறுதியை நெருங்கும் இடத்தில், பெயருக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியையே தலைப்பாகக் கொண்ட பாட்டு ஒன்று உண்டு. அதிலே முகமூடிக்காரன் தன் தம்பியை நேராக நினைத்துப் பாடுகின்றான். சித்திரக்கதையின் கொடியவனுக்கு அத்தகைய தம்பி இல்லை. அந்த இடத்திலே சித்திரம் முடிந்து மனிதன் பேசுகின்றான்.

துயரத்தைச் சொல்வதற்கு முகமூடி எதற்கு என்று இங்கே ஒரு வினா எழலாம். ராப் இசையிலே பாடுபவர் தம்மைப் பற்றித் தாமே பேசுவது வழக்கம். நான் இன்னார், நான் இப்படிப்பட்டவன் என்று முழங்குவது அதன் இயல்பு. டூம் அந்த வழக்கத்தை மாற்றினார். பல இடங்களில் தம்மையே 'அவன்' என்று குறிப்பிட்டார். தாம் எழுத்தாளர், டூம் தாம் எழுதும் பாத்திரம் என்பது அவருடைய நிலைப்பாடு. அதனால் தற்பெருமை பேசும்போது அது பாத்திரத்தின் பெருமையாகி நகைச்சுவை ஆகின்றது. துயரம் பேசும்போது அது இரக்கத்தைக் கையேந்திக் கேட்கும் பேச்சாகாமல், கதையாகின்றது. அழகிய முகமும் விலையுயர்ந்த உடையும் காட்டி இசை விற்ற காலத்திலே, முகத்தைப் பார்க்காதீர்கள், சொல்லைக் கேளுங்கள் என்று கூறும் மறுப்பாகவும் அந்த முகமூடி அமைந்தது. தம்மைக் கைவிட்ட இசைத்தொழிலை நோக்கி அவர் விடுத்த பதிலும் அதுவே. வெடிப்பிலே சிதைந்து வெளியேற்றப்பட்டவன் கவசம் அணிந்து திரும்பிவந்தான் என்ற சிறுவர் கதை, சொல்லுக்குச் சொல் அவருடைய கதையாகவே ஆகிவிட்டது.

இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 2005 ஆம் ஆண்டு, இசையமைப்பாளர் பிரையன் பேர்ட்டனுடன் இணைந்து டூம் 'த மவுஸ் அன்ட் த மாஸ்க்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். எலியும் முகமூடியும் என்பது அதன் பொருள். பேர்ட்டனின் இசையுலகப் பெயர் டேஞ்சர் மவுஸ். 1981 ஆம் ஆண்டு தொடங்கிய பிரித்தானியச் சிறுவர் சித்திரத் தொடர் ஒன்றின் கதாநாயகனாகிய எலியின் பெயர் அது. கூச்ச சுபாவம் மிகுந்த அவர், தொடக்க காலத்தில் எலி வேடம் பூண்டே மேடையேறியவர். சிறுவர் சித்திரங்களிலிருந்து பெயரையும் மறைப்பையும் எடுத்துக்கொண்ட இருவர் ஒன்றுசேர்ந்தனர்.

'அடல்ட் ஸ்விம்' என்ற இரவுநேரத் தொலைக்காட்சி வரிசையின் சித்திரங்களே அவ்விசைத்தட்டின் களம். அவை வளர்ந்தவர்களுக்கானவை. ஆயினும் அவற்றுட் சிலவற்றின் பூர்வீகம் சிறுவர் தொடர்களே. 1966 ஆம் ஆண்டு சிறுவர்களுக்கென வந்த 'ஸ்பேஸ் கோஸ்ட்' என்னும் விண்வெளி வீரனின் பழைய ஓவியங்களை வெட்டி எடுத்து, புதிய வசனம் சேர்த்து, 1994 ஆம் ஆண்டு அவனை ஒரு பேட்டி நிகழ்ச்சியின் நடத்துனனாக்கினார்கள். 1972 ஆம் ஆண்டின் கடலடி ஆய்வுகூடத் தொடர் ஒன்றும் அவ்வாறே நையாண்டியாக மாற்றப்பட்டது. பழைய இசைத்தட்டின் துண்டுகளால் புதுப் பாட்டுக் கட்டும் ஹிப் ஹொப் முறைக்கும், பழைய படத்தின் துண்டுகளால் புதுக் கதை கட்டும் இம்முறைக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. இதனால் அந்தச் சித்திரப் பாத்திரங்கள் தம் சொந்தக் குரலிலேயே இசைத்தட்டில் வந்து பேசின. அவற்றுள் ஒன்று பாட்டுகளுக்கிடையே திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைத்து முறையிட்டுக்கொண்டே இருக்கும். 1999 இல் டூம் தனியொருவராகச் சித்திரக் குரல்களை வெட்டி எடுத்தார். 2005 இல் சித்திர உலகமே அவரை அழைத்து இடம் கொடுத்தது.

பிறர் ஆக்கிய குரலையும் இசையையும் எடுத்து ஒட்டுவது களவு அல்லவா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி அற்பமானதன்று. 1991 ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் ஒன்றிலே, ராப் பாடகர் ஒருவர் வேறொருவரின் பாட்டுத்துண்டை அனுமதியின்றிப் பயன்படுத்தியது பற்றிய வழக்கில், திருடாதே என்னும் விவிலியக் கட்டளையை முன்வைத்தே நீதிபதி தம் தீர்ப்பைத் தொடங்கினார். அதன் பின்னர் ஒலித்துண்டுகளுக்கு முன்கூட்டியே அனுமதி பெறுவதும் பணம் கொடுப்பதும் பெரிய கம்பனிகளின் நடைமுறையாயின. மூல ஆசிரியருக்கு உரியதைக் கொடுத்தல் நீதியே. ஆயினும் உரிமைப் பிரச்சினை ஒன்று, கலைப் பிரச்சினை வேறொன்று. எடுத்தவன் எடுத்ததைக் கொண்டு முன்பு இல்லாத ஒன்றைச் செய்தானா என்பதே கலையின் கேள்வி. சனிக்கிழமைக் காலையிற் சிறுவரை மகிழ்விக்கப் பேசிய அக்குரல்கள், தம்பியை இழந்த ஒருவனின் இசைத்தட்டிலே வந்தபோது, அவற்றை எழுதியவர் நினைத்திராத பொருளைப் பெற்றன. இந்த மாற்றத்தைக் களவு என்னும் ஒரு சொல்லால் அளந்துவிட முடியாது.

டூம் மீது வேறொரு குற்றச்சாட்டும் எழுந்தது. சில நிகழ்ச்சிகளுக்குத் தாம் செல்லாமல், முகமூடி அணிந்த வேறொருவரை அனுப்பி வைத்தார் என்பதே அது. பணம் கொடுத்து வந்த இரசிகர்கள் சினங்கொண்டார்கள். அவரோ, அதுவும் பாத்திரத்தின் இயல்பே என்ற தோரணையில் விடையளித்தார். சித்திரக்கதை டூம் தன்னைப் போன்ற இயந்திர மனிதர்களை அனுப்பி எதிரிகளை ஏய்ப்பவன் என்பது உண்மை. ஆனால் சித்திரக்கதையில் ஏமாறுபவர் எதிரிகள். அரங்கத்திலே ஏமாந்தவர் அன்பர்கள். முகமூடி தரும் சுதந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

வாழ்வின் இறுதிப் பகுதியிலும் வெளியேற்றம் அவரைத் தொடர்ந்தது. பிள்ளைப் பருவம் முதல் அமெரிக்காவிலேயே வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமையை அவர் பெற்றிருக்கவில்லை. 2010 ஆம் ஆண்டு ஐரோப்பாவிலே நிகழ்ச்சிகளை முடித்துத் திரும்பியபோது, அமெரிக்காவினுள் நுழைய அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மனைவி மக்களைப் பிரிந்து, பிறந்த நாடாகிய இங்கிலாந்திலே தங்க நேர்ந்தது. குடும்பத்தினர் பின்னர் அங்கு சென்று அவருடன் சேர்ந்தனர். 2020 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31 ஆம் திகதி அவர் காலமானார். அமெரிக்கச் சிறுவர்கள் முகமூடி அணிந்து வீடு வீடாகச் செல்லும் ஹலோவீன் திருநாள் அது. அவருடைய மரணம் இரண்டு மாதங்கள் வரை உலகுக்குத் தெரியாமலே இருந்தது. டிசம்பர் 31 ஆம் திகதி அவருடைய மனைவியார் அதனை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 49.

சிறுவர் நிகழ்ச்சிகளை ஆக்குவோர் பெரும்பாலும் தம் வேலையைச் சிறிய வேலையாகவே கருதுகின்றார்கள். குறைந்த செலவிலே விரைந்து செய்து, அடுத்த வாரத்துக்குரியதை எழுதப் போய்விடுகின்றார்கள். அவ்வாறு விரைந்து செய்யப்பட்ட ஒரு தொடரிலே, கொடியவனுக்கும் காயம் உண்டு என்ற உண்மையை யாரோ ஒருவர் சிந்தித்துச் சேர்த்திருந்தார். முப்பது ஆண்டுகளின் பின்னர், தம்பியை இழந்து தொழிலையும் இழந்து நின்ற ஒருவருக்கு, பேசுவதற்கு ஒரு வாயாக அது உதவியது. பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையிலே எதைச் சேர்க்கின்றோம் என்பதைச் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பதற்கு இந்த இசைத்தட்டு போதிய காரணமாகும்.